கைக்குழந்தையோடு கப்பல் பயணம்: எங்கள் கதை இது, உங்கள் கதையையும் சொல்லுங்கள்

ரெண்டு வாலுகளின் அம்மா, கோவை

மே மாத லீவில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு க்ரூஸ் போய் வந்தோம். நான், கணவர், அத்தை, நாலரை வயது மகள், ஒன்றரை வயது மகன். பினாங்கு, புக்கெட், அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கடல், மறுபடி சிங்கப்பூர். போவதற்கு முன்னால் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைத்ததெல்லாம் சறுக்குமரத்தில் ஆட்டம் போடும் வீடியோக்கள்தான். டயப்பர் போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால் நானே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

முதலில் விசா. கப்பல் மலேசியா, தாய்லாந்து போய்விட்டுத் திரும்பி வருவதால் சிங்கப்பூருக்குள் நாம் இரண்டு தடவை நுழைகிறோம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூர் விசாவில் மல்டிபிள் என்ட்ரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கைக்குழந்தைக்கும் சேர்த்து. ஆன்லைனில் நிரப்பும் அந்த அரைவல் கார்டையும் கப்பல் திரும்பும்போது இன்னொரு தடவை நிரப்ப வேண்டும், நாங்கள் கடைசி நாள் வைஃபை பிடிக்க அலைந்தோம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்னொன்று, பெரும்பாலான கப்பல்களில் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றவே மாட்டார்கள், தொடர்ந்து பல நாள் கடலிலேயே போகும் பயணம் என்றால் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறும் மரினா பே க்ரூஸ் சென்டரில் லக்கேஜ் ஸ்கேன் ஆகும்போது எங்கள் பெட்டியை மட்டும் ஓரமாக எடுத்து வைத்தார்கள். எனக்குப் பகீரென்றது. திறந்தால் உள்ளே சின்ன எலெக்ட்ரிக் குக்கர்! அத்தை எனக்குத் தெரியாமல் புடவைக்குள் சுற்றி வைத்திருக்கிறார். "குழந்தைக்குப் பருப்பு சாதம் யாரு வெச்சுக் குடுப்பா?" என்று அந்த செக்யூரிட்டி பையனிடமே தமிழில் கேட்கிறார். அவன் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் குக்கரை வாங்கி வைத்துக்கொண்டான், கடைசி நாள் பத்திரமாகத் திரும்பக் கிடைத்தது. சூடாகிற சாமான் எதுவும் கூடாது, தீப்பிடிக்கும் பயம். அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பாக்கெட் பிரிக்காத குழந்தை உணவுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. இந்தியச் சாப்பாடு தனி கவுன்ட்டரில் இருந்தது, எல்லாம் வடக்கத்தி காரம். இரண்டாம் நாள் காலையில் நான் வெறும் சோறும் தயிரும் பிசைவதைப் பார்த்துவிட்டு ஒரு பரிமாறுகிற தம்பி பக்கத்தில் வந்து, "அக்கா, பாப்பாவுக்கா? நாளையிலருந்து காரம் போடாத பருப்பு தனியா எடுத்து வெச்சிடறேன்" என்றார். நாகர்கோவில்காரராம். அத்தை அன்றைக்குத்தான் குக்கரை மறந்தார்.

இப்போது டயப்பர் விஷயம். நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் குளத்துக்குள் விட மாட்டார்கள், டாய்லெட் பழக்கம் முழுக்க வந்த பிள்ளைக்குத்தான் அனுமதி. போர்டு தெளிவாக இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. சில கப்பல்களில் டயப்பர் பிள்ளைகளுக்கென்றே குட்டியாக ஓர் இடம் உண்டு, புக் செய்யும்போதே கேளுங்கள். கிட்ஸ் கிளப்பும் அப்படித்தான், 3 வயது ஆகி டயப்பர் விட்டிருக்க வேண்டும். மகள் உள்ளே போனாள், மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கத்தினான்.

சரி, இவனுக்கு ரூமிலேயே குளம் கட்டுவோம் என்று என் கணவர் கிளம்பினார். சாதாரண ரூமில் டப் கிடையாது, ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற ஷவர்தான். தண்ணீர் போகிற ஓட்டையில் துண்டைத் திணித்து, கீழே ஒரு விரற்கடை தண்ணீர் தேக்கி, பையனை மக்கோடு உட்கார வைத்துவிட்டார். நல்ல யோசனைதான். நடுவில் இவர் போனை எடுக்க வெளியே வந்தார், ஒரு நிமிஷம்கூட இருக்காது, பையன் குழாயைத் திருப்பிவிட்டான். தண்ணீர் வாசல்படியைத் தாண்டி கார்ப்பெட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த அத்தையின் பெட்டி நனைந்துவிட்டது. ரூம் பையன் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்துக் காய வைத்தார். அன்று சாயங்காலம் துண்டில் யானை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டும் போனார். அந்த யானையைப் பிரிக்க மகள் விடவே இல்லை, எனக்குத் தலை துவட்டத் துண்டு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் டாய்லெட் விமானத்தில் இருப்பது மாதிரி 'புஸ்ஸ்' என்று இழுக்கும். அதற்குப் பயந்து நாலரை வயதுக்காரி ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தாள். நான் அவளைக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியபிறகு என் கணவர் ஃப்ளஷை அமுக்குவார், அப்படித்தான் சமாளித்தோம்.

பினாங்கில் கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது, ஸ்வெட்டன்ஹம் பியர். இறங்கி நடந்தாலே லிட்டில் இந்தியா, குயின் தெருவில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். கடை வாசலில் தமிழ்ப் பாட்டு, மல்லிப்பூ, வடை. மகள் சுற்றிப் பார்த்துவிட்டு "கோயம்புத்தூர் வந்தாச்சாம்மா?" என்றாள்.

புக்கெட்டில் நாங்கள் இறங்கவே இல்லை. படோங்கில் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சின்ன படகில்தான் கரைக்குப் போக வேண்டும், வரிசையோ வெயிலில். கணவருக்கு மனசே ஆறவில்லை, இவ்வளவு காசு கட்டி வந்து புக்கெட் பார்க்காமல் போவதா என்று. முதல் இரண்டு நாளும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஷோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், இரண்டும் அழுது, நாங்களும் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம். அன்றைக்கு நான் முடியாது என்றேன். பாதிக் கப்பல் காலி, லிஃப்ட் காலி. எங்கள் மகன் அரை மணி நேரம் லிஃப்ட் பட்டனை மட்டும் அமுக்கி விளையாடினான், மதியம் நால்வரும் இரண்டரை மணி நேரம் தூங்கினோம், அத்தை மட்டும் பால்கனியில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அந்தப் பயணத்தில் நல்ல நாள் அதுதான்.

உங்களுக்கு எப்படி? டயப்பர் வயதுப் பிள்ளையோடு போனவர்கள் எழுதுங்கள்.

தெம்பனிஸ் அப்பா

சிஸ்டர், குக்கர் கதையை மனைவியிடம் படித்துக் காட்டினேன், எங்கள் வீட்டில் அது மாமியார் இல்லை, மாமனார்!

நாங்கள் சிங்கப்பூரிலேயே இருப்பதால் மூன்று தடவை போயாகிவிட்டது. மரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனில் இறங்கி க்ரூஸ் சென்டருக்கு நடந்து விடலாம், ஆனால் ஸ்ட்ரோலர், இரண்டு பெட்டி, பிள்ளை என்றால் டாக்சிதான். நான் பட்ட அடி இரண்டு. ஒன்று போன். ஏரோபிளேன் மோடில் போட மறந்துவிட்டேன், கரை மறைந்ததும் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டது. பையன் யூடியூப் பார்த்தது பத்து நிமிஷம்தான், பில் வந்தபோது டிக்கெட்டே வாங்கியிருக்கலாம் போலிருந்தது. இன்னொன்று, கடைசி இரவு பெட்டியைக் கட்டி ரூமுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், ராத்திரியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மறுநாள் டெர்மினலில்தான் கிடைக்கும். என் மனைவி பொறுப்பாக எல்லாத் துணியையும் கட்டி வைத்துவிட்டாள். நடு இரவில் சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான், மாற்ற ஒன்றும் இல்லை. காலையில் இமிக்ரேஷனில் பையன் என் டி-ஷர்ட்டைக் கணுக்கால் வரை போட்டுக்கொண்டு நின்றான். ஒரு பையில் பிள்ளைகளுக்கு இரண்டு செட் துணி கையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் டிப்ஸ். தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எங்களுக்குக் குழந்தைக்கும் சேர்த்துத்தான் போட்டார்கள், டிக்கெட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள்.

குரோம்பேட்டை

நாங்கள் போனது சென்னைத் துறைமுகத்திலிருந்து, 2023 ஜூனில், இலங்கைக்குப் புதிதாகக் கப்பல் விட்ட சமயம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. பால்கனி வியூ நன்றாக இருக்கும் என்று கப்பலின் மூக்குப் பக்கம், மேல் தளத்தில் ரூம் எடுத்தேன். தென்மேற்குப் பருவக்காற்று நேரம், இலங்கையின் தெற்குப் பக்கம் திரும்பியதும் தூளி மாதிரி ஆட ஆரம்பித்தது. ஆறு வயது மகளுக்கு ஒன்றுமே இல்லை, "அப்பா, ரைடு மாதிரி இருக்கு" என்கிறாள். நான் பாத்ரூம் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. கப்பல் ஊழியர் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த தடவை நடுவில், கீழ்த் தளத்தில் எடுங்கள் சார், ஆட்டம் அங்கேதான் குறைவு என்றார். எங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் இரண்டு நாள் தரை ஆடியது.

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போனோம், மலை உச்சி, கீழே நேராகக் கடல். மகளுக்கு நினைவிருப்பது வழியில் கோட்டைக்குள் திரிந்த மான்கள்தான். ஒரு மான் அவள் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது.

ஸ்கார்பரோ அம்மா

நாங்கள் கனடாவிலிருந்து புளோரிடா போய், அங்கேயிருந்து கரீபியன் பக்கம் ஏழு இரவு. இவருக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்தான். தகப்பன் கூட வராவிட்டால் அவருடைய சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருக்க வேணும், எங்களிடம் கேட்டவை. நல்லகாலம், அக்கா முதலே சொல்லியிருந்தா.

மூன்றாம் நாள் மூத்தவனுக்கு வயிற்றாலே போகத் தொடங்கிவிட்டது. கப்பல் டொக்டரிடம் காட்டினால் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிடுவினம் என்ற பயத்தில் முதல் நாள் மறைத்துவிட்டேன். பிழை என்று எனக்கே தெரியும், அடுத்த நாள் சின்னவளுக்கும் அம்மாவுக்கும் வந்துவிட்டது. பிறகென்ன, இரண்டு நாள் நாலு பேரும் அறைக்குள்ளேயே, ஜன்னலும் இல்லாத அறை. வாசலில் வைத்திருக்கிற கை ஜெல்லைப் பூசினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நொரோ வைரஸுக்கு அது பெரிதாக வேலை செய்யாதாம், சவுக்காரம் போட்டு வடிவாகக் கழுவத்தான் வேணும் என்று நேர்ஸ் பிள்ளை சொன்னா. இப்ப பிள்ளைகள் பஃபே கரண்டியைத் தொட்டாலே எனக்கு நெஞ்சு பதறும்.

ரெண்டு வாலுகளின் அம்மா, கோவை

ஐயோ அக்கா, ஜன்னல் இல்லாத ரூமில் நால்வரா! நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

குழந்தைக்குத் தொட்டில் கிடைக்குமா என்று தனியாகக் கேட்டவருக்கு: கேட்டால் இலவசமாகத் தருகிறார்கள், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதை விரித்துப் போட்டால் ரூமில் நடக்க இடம் இருக்காது. எங்கள் ஆள் ஒரு ராத்திரிகூட அதில் படுக்கவில்லை, அத்தையின் நனைந்த புடவைகளைத்தான் அதன் மேல் காயப்போட்டிருந்தோம்.