ஒப்பினெல் 8 கார்பன்: மழை தொடங்கியதிலிருந்து கத்தி திறக்கவே மாட்டேங்குது

நெய்தல்காரன்

வணக்கம். கத்தி ஒப்பினெல் என்கிற பிரெஞ்சு மடக்குக் கத்தி, 8-ஆம் நம்பர், கார்பன் பிளேடு, பீச் மரப் பிடி. வாங்கி நாலு மாசம் ஆகிறது. ஊர் நாகப்பட்டினம், கடலுக்கு ரொம்பப் பக்கம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மூன்று தொல்லை.

ஒன்று, பிளேடு காடிக்குள், அதாவது பிடியில் அது மடங்கி உட்காரும் பள்ளத்துக்குள், சிக்கிக்கொள்கிறது. நகம் போட்டு இழுத்தால் நகம்தான் பெயர்ந்து வரும் போலிருக்கிறது. வெயில் காலத்தில் ஒரு விரலில் திறந்த கத்தி.

இரண்டு, எலுமிச்சையும் மாங்காயும் நறுக்கிய பிறகு பிளேடில் நீலக் கறுப்பாகத் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. திறப்பதற்கு நகம் போடும் நகக்குழிக்குள் செம்மண் நிறத்தில் ஒரு கோடு வேறு. இரண்டும் துருவா?

மூன்று, கூர் மழுங்கிவிட்டது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

காடிக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். தேய்க்கலாமா?

---

உளிக்காரர்

முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். மழைக்காலத்தில் மரத்தைத் தேய்த்தால் பங்குனி, சித்திரையில் பிளேடு லொடலொடவென்று ஆடும். தேய்த்த மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க வழி இல்லை.

ஏன் இறுகுகிறது என்று பாருங்கள். மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக நீளாது, ரேகைக்குக் குறுக்கேதான் உப்பும். சாதாரணப் பிடி என்றால் வெளிப்பக்கமாக உப்பிவிட்டுப் போய்விடும். இந்தக் கத்தியில் பிடியின் முன்முனையில் இரும்புப் பூண் இருக்கிறது. வெளியே போக இடம் இல்லாத மரம் உள்பக்கமாகக் காடியை நெருக்குகிறது. உலக்கைக்குப் பூண் போட்டால் மரம் எப்படி இறுகிப் பிடிக்கும், அதே கதைதான். பிளேடும் அது சுழலும் ஆணியும் அந்த இறுக்கத்துக்குள் மாட்டிக்கொள்கின்றன.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. உப்பிய மரத்துக்குள் பிளேடை மாதக்கணக்கில் மல்லுக்கட்டித் திறந்து மூடினால் காடிச் சுவரின் மரநார் நசுங்கிவிடும். காய்ந்த பிறகு பழைய அளவுக்கு வராமல் தளர்ந்துபோகும். ஆகையால் இறுகியிருக்கும்போது பலவந்தம் வேண்டாம்.

செய்ய வேண்டியது: காற்றுப் புகாத டப்பா ஒன்றில், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே அந்த சிலிகா ஜெல் பொட்டலங்கள் ஏழெட்டு போட்டு, பிளேடை பாதி திறந்த நிலையில் மூன்று நான்கு நாள் வையுங்கள். பழைய பொட்டலம் ஈரம் குடித்துத் தீர்ந்திருக்கும், புதிதாகப் பாருங்கள். மொட்டை மாடி வெயிலும் அடுப்புப் பக்கமும் கூடாது. மேல்பரப்பு மட்டும் வேகமாகக் காய்ந்து, ஆணித் துளையிலிருந்து மரம் விரிசல் விடும்.

இலகுவான பிறகு வாஸ்லின். மணம் கலக்காத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. தீக்குச்சி நுனியால் ஆணி இருக்கும் இடத்தில் காடியின் இரண்டு பக்கமும் தாராளமாக வைத்து, ஹேர் டிரையரால் இரண்டு மூன்று நிமிடம் இளஞ்சூடு காட்டுங்கள். ஜெல்லி எண்ணெய் மாதிரி உருகி இறங்கும். பத்து முறை திறந்து மூடுங்கள், இன்னொரு தடவை வைத்துச் சூடு காட்டுங்கள், ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வழிந்ததைத் துடைத்தால் போதும். பிடியின் வெளியே வார்னிஷ் இருக்கிறது. காடிக்குள்ளும் ஆணித் துளையிலும் அது சரியாக ஏறியிருக்காது. தண்ணீர் நுழைகிற வாசல் அதுதான், அடைக்க வேண்டியதும் அதைத்தான்.

இவ்வளவும் செய்து, நல்ல கோடையிலும் இறுக்கம் இருந்தால் அப்போது தேய்க்கலாம். விசிட்டிங் கார்டு ஒன்றின் மேல் 180 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, காடியின் ஒரு சுவருக்கு ஐந்து இழுப்பு, மறு சுவருக்கு ஐந்து. நிறுத்தித் திறந்து பார்க்க வேண்டும். அதற்குமேல் ஒரே மூச்சில் தேய்க்காதீர்கள்.

---

மோரியன் பள்ளத்தாக்கு

உளிக்காரர் சொன்னதே சரி. டப்பாவில் காய்கிற வரைக்கும் திறக்க ஒரு வழி இருக்கிறது. இந்தக் கத்தி பிறந்த, பிரான்ஸின் சவோய் மலைநாட்டிலேயே இதே தொல்லை உண்டு என்பதால் அங்கே இதற்கு ‘சவோயார் தட்டு’ என்றே பெயர். பூணின் மேல் சுழலும் பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்புங்கள். பிடியை மேலிருந்து பிடித்து, விரல் எதுவும் காடியின் வாயில் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, பிடியின் வால்முனையை மரமேசையில் ‘டக்’கென்று ஒரு தட்டு. பிளேடு சில மில்லிமீட்டர் எழும்பும். எழும்பியதை முதுகுப்பக்கமாகப் பிடித்துத் திறக்கலாம். டைல்ஸிலோ கருங்கல்லிலோ தட்டினால் மரம் சில்லு போகும்.

வளையத்தையும் கவனியுங்கள். ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் செய்த கத்தியில் பூட்டே கிடையாது. சுழலும் வளையம் 1955-இல்தான் வந்தது. மூடிய நிலையிலும் பூட்டுகிற மாதிரி மாற்றியது 2000-இல். பழைய சந்தையில் வாங்கிய கத்தி மூடிய பிறகு பூட்டவில்லை என்றால் பழுது என்று நினைத்து நெம்பாதீர்கள், அந்தக் காலத்து வளையம் அப்படித்தான்.

வளையம் பிளேடின் அடியை மெல்ல மெல்ல நெருக்கும்படி அமைந்திருக்கிறது. கையால் திருப்பி எங்கே பிடிக்கிறதோ அங்கே விடவேண்டும். குறடு போட்டு இன்னும் கொஞ்சம் திருப்பினால் வளையத்தின் வாய் விரிந்து, பிறகு எங்குமே பிடிக்காது. தளர்ந்த வளையத்தை, அதிலுள்ள வெட்டு வாயின் இரு ஓரத்தையும் குறட்டால் கொஞ்சம் உள்ளே நெருக்கிச் சரிசெய்யலாம். கழற்ற வேண்டுமென்றால் பிளேடை மடக்கி வைத்து, சர்க்கிளிப் பிளையரின் (வளையங்களை விரிக்கும் கூர்முனைக் குறடு) இரண்டு முனையையும் வெட்டு வாயில் கொடுத்து, வழுக்கி வரும் அளவுக்கு மட்டும் விரித்தால் முன்பக்கமாக வந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், வளையம் தெறிக்கும். அதற்கு உள்ளே இருக்கிற பூணையும் ஆணியையும் தொடாதீர்கள். ஆணி அடித்து மழுக்கியது, எடுத்தால் பழையபடி வைக்க முடியாது.

வளையம் போடாமல் ஒரு வெட்டுகூட வேண்டாம். சுருள்வில் எதுவும் இந்தக் கத்தியில் இல்லை. மரம் காய்ந்து தளர்ந்திருக்கும் நாளில் முனையால் குத்தினால் பிளேடு நேராக விரல்மேல் மடியும்.

---

ஆயிரங்கிரிட்

கறையும் கூரும் என் பங்கு.

நீலக் கறுப்புத் துருவல்ல. பிளேடு குரோமியம் அநேகமாக இல்லாத, சுமார் 0.90 சதம் கார்பன் உள்ள எஃகு. எலுமிச்சையின் அமிலமும் மாங்காய், வாழைக்காயின் துவர்ப்பும் பட்டால் கறுக்கும். வாழைப்பூ ஆய்ந்தால் கை கறுப்பதில்லையா, இரும்போடு சேர்ந்தால் அது இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். இந்தப் படிவு தானாகவே ஒரு காப்பு, சுரண்டி எடுக்காதீர்கள். நகக்குழியில் இருப்பது துரு. சந்தேகம் வந்தால் வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள், செம்மஞ்சளாக ஒட்டினால் துரு, ஒட்டாவிட்டால் படிவு. நகக்குழி, பிளேடில் பொறித்திருக்கும் முடிசூடிய கை முத்திரை இரண்டும் பள்ளம். துடைக்கும் துணி அங்கே இறங்காது, துரு எப்போதும் அங்கேதான் துவங்கும். சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்து, பல்குத்தும் குச்சியால் தேய்த்தால் வந்துவிடும். பரந்த இடத்துத் துருவுக்கு 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நீளவாக்கில் மட்டும் தேயுங்கள்.

திட்டுத் திட்டாக இருப்பது பிடிக்கவில்லை என்றால் முழுப் பிளேடையும் ஒரே சீராகக் கறுக்க வைக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, கைரேகைகூட இல்லாமல் ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் கை பொறுக்கும் சூட்டில் வெள்ளை வினிகர் ஊற்றி, பிளேடை மட்டும் இருபது நிமிடம் தொங்கவிடுங்கள். பூணுக்கு ஒரு விரற்கடை கீழேயே வினிகர் நிற்கட்டும். ஆணிப் பக்கம் ஏறினால் உள்ளே தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் குமிழிகளைத் துடைத்துவிடாவிட்டால் புள்ளி புள்ளியாக விழும். முடிந்ததும் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசவேண்டும்.

சாணைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். அவர் தொழிலில் குறை இல்லை, அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அந்தச் சக்கரம் சரி. இது மெல்லிய பிளேடு. வேகச் சக்கரத்தில் வாய் ஓரம் இமைக்கும் நேரத்தில் சூடேறும். ஓரத்தில் நீல நிறம் தெரிந்தால் சூடு 300 டிகிரி சுமாருக்குப் போய்விட்டது, அந்த இடம் பதம் இறங்கியது என்று அர்த்தம். பிறகு எத்தனை தீட்டினாலும் நாலு வெட்டில் மழுங்கும்.

1000 கிரிட் நீர்க்கல் ஒன்று போதும். குமிழி வருவது நிற்கும் வரை தண்ணீரில் ஊறவையுங்கள். கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி. அளக்கக் கருவி வேண்டாம். பிளேடின் அகலத்தை ஸ்கேலால் அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் 20 டிகிரிக்கு மிக அருகில் வந்துவிடும். வாய் ஓரத்தில் மார்க்கர் மை பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை ஓரம்வரை அழிந்திருந்தால் கோணம் சரி. ஓரத்தில் மை மிச்சமிருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி அழிந்திருந்தால் ரொம்பத் தூக்கிவிட்டீர்கள்.

ஒரு பக்கத்தையே தேயுங்கள், மறுபக்கத்தில் பிசிறு எழும்வரை. கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வாயைத் தாண்டி வெளியே நகர்த்தினால் சொரசொரப்பாகத் தட்டும். அடி முதல் முனை வரை எல்லா இடத்திலும் தட்டவேண்டும். பெரும்பாலானோர் அவசரப்பட்டுப் பாதியில் பக்கம் மாற்றுவது இங்கேதான், அதனால்தான் ‘எத்தனை தீட்டியும் கூர் வரவில்லை’ என்ற புலம்பல். பிசிறு வந்ததும் மறுபக்கம் அதே மாதிரி, பிறகு அழுத்தம் இல்லாமல் பக்கத்துக்கு ஒன்று வீதம் பத்துப் பன்னிரண்டு இழுப்பு. முனை வளைவுக்கு வரும்போது பிடியைச் சற்று உயர்த்தாவிட்டால் முனை மட்டும் மொண்ணையாகவே நிற்கும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகை முன்னால் விட்டு இருபது இழுப்பு. தக்காளித் தோல் அழுத்தாமலே பிளந்தால் வேலை முடிந்தது.

---

நெய்தல்காரன்

மூவருக்கும் நன்றி. டப்பாவில் வைத்து மூன்று நாள் ஆச்சு, பழையபடி விரலில் திறக்கிறது. இன்றைக்கு வாஸ்லின் வைக்கப் போகிறேன். பிளேடுக்கு என்ன எண்ணெய்? வீட்டில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் இருக்கிறது. பிடிக்கு ஆளி விதை எண்ணெய் நல்லது என்கிறார்கள், அதுவும் கேட்டுவிடுகிறேன்.

---

மோரியன் பள்ளத்தாக்கு

ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டால் கெட்டியாகி உறைவது. வார்னிஷைச் சுரண்டி எடுத்த பிடியின் வெளிப்புறத்துக்கு அழகு. ஆணிக்குள் இறங்கினால் பிசின் மாதிரி இறுகி, மழையை விட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். பெயின்ட் கடையில் கிடைப்பதில் சீக்கிரம் காய உலோக உப்பு கலந்த ரகமும் இருக்கும், சாப்பாட்டுக் கத்திக்கு ஆகாது. பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, இல்லை தண்ணீரில் நனைத்து எறியுங்கள்.

---

உளிக்காரர்

நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்து மஞ்சளாக ஒட்டும். தேங்காய் எண்ணெய் எளிதில் சிக்கு வாடை அடிக்காது, தினம் பயன்படுத்துகிற கத்திக்குச் சரிதான். ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பூசி, பிறகு காய்ந்த துணியால் துடைத்தே விடுங்கள், கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சுவது போதும். தையல் மிஷின் எண்ணெய் துருவைத் தடுக்கும், ஆனால் பழம் நறுக்குகிற வாயில் அது எதற்கு?

எனக்குப் பிடித்தது மெடிக்கல் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். நிறம், மணம், ருசி இல்லை, கெட்டும் போகாது, வாயில் பட்டாலும் பாதகமில்லை. மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற மருந்துதானே. கேட்கும்போது மட்டும் ‘தனி லிக்விட் பாரஃபின்’ என்று சொல்லி வாங்குங்கள். சும்மா கேட்டால் மில்க் ஆஃப் மக்னீசியா கலந்த வெள்ளைச் சிரப்பை எடுத்து நீட்டுவார்கள். அதில் தண்ணீர் இருக்கிறது, பூசினால் காலையில் பிளேடு சிவந்திருக்கும்.

இன்னொன்று. தோல் உறைக்குள் போட்டு வைக்கிறீர்களா? மழை முடியும்வரை வெளியே எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும்.

---

நெய்தல்காரன்

உறைக்குள்தான் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.