லைட்னிங் லேன் நேரம் தாண்டிப் போனால் உள்ளே விடுவார்களா?

வணக்கம். ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம். அங்குள்ள ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில் ஸ்லிங்கி டாக் டேஷ் என்ற ரோலர் கோஸ்டருக்கு மல்டி பாஸில் (நீண்ட வரிசையில் நிற்காமல் லைட்னிங் லேன் என்ற தனி வழியில் போக, காசு கொடுத்து முன்பதிவு செய்யும் பாஸ்) கிடைத்த நேரம் 11:10 முதல் 12:10 வரை. அதே பூங்காவில் 11:15க்கு மதியச் சாப்பாடு பதிவு செய்திருக்கிறோம். அப்பா இன்சுலின் போடுகிறவர், சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போகவும் மனம் இல்லை. சாப்பிட்டு முடித்து நடந்து போனால் எப்படியும் 12:20 ஆகிவிடும்.

டிஸ்னி ஹோட்டலில் இல்லாமல் வெளி ஹோட்டலில் தங்குவதால் எங்களுக்கு 3 நாள் முன்புதான் பாஸ் பதிவு திறந்தது. அதற்குள் நல்ல நேரமெல்லாம் போய்விட்டது. ஆப்பில் நேரத்தை மாற்றிப் பார்த்தேன், இரவு மட்டுமே காட்டுகிறது. மகள் அதுவரை தாங்கமாட்டாள். உணவகத்திலும் வேறு நேரம் இல்லை. உதவி எண்ணில் கேட்டால், கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வரவேண்டும் என்ற விதியை மட்டும் சொன்னார்கள். ரைடு பழுதாகி நின்றால், பிறகு பயன்படுத்தும்படி பாஸ் தானாக மாறிக்கொள்ளும், அது தெரியும். இது நாமாகத் தாமதமாகப் போகிற விஷயம்.

5 நிமிடம் முன்னால், 15 நிமிடம் பின்னால் வரை ஸ்கேன் ஏற்கும் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் டிஸ்னியின் விதியில் அப்படி எதுவும் இல்லை. மகள் மாதக்கணக்காகக் காத்திருக்கும் ரைடு இது, கேள்விப்பட்டதை மட்டும் நம்பிப் போக பயமாக இருக்கிறது.

சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: நேரம் முடிந்து 10 நிமிடம் கழித்துப் போனபோது உங்களை உள்ளே விட்டார்களா?