இன்ஜின் இறக்கி வேலை பார்த்த அனுபவங்கள்: காரைக்குடி பட்டறை முதல் ஜாஸ்பர் வரை

கோட்டையூர்க்காரன்:

ஊரில் இருந்தவரை இன்ஜின் வேலை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வண்டி நீலப்புகை தள்ளும், ஆயில் குடிக்கும். காரைக்குடியில் இன்ஜினை இறக்கி, பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் உடற்பகுதியை) லேத்துக்கு அனுப்பிவிட்டு, மெக்கானிக் அண்ணன் சொல்லும் நாளுக்காகக் காத்திருப்போம்.

பிழைப்புக்கு இந்தியானா வந்தபிறகு, என் பழைய வண்டியில் பேரிங் தட்டும் சத்தம் கேட்டது. இங்கே ஒர்க்‌ஷாப்காரர் பிரித்துப் பார்க்கவே இல்லை. "ஜாஸ்பர் இன்ஜின் வரவழைத்து மாட்டிவிடுகிறேன்" என்றார். பழைய இன்ஜின்களைப் புதுப்பித்து விற்கும் கம்பெனி அது. மரப்பலகையில் கட்டி முழு இன்ஜினே வந்து இறங்கியது. என்னுடைய பழையதைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அனுப்பினால்தான் முன்பணம் கைக்கு வரும். 3 வருடம் அல்லது 1 லட்சம் மைல் வாரண்டி. பழைய இன்ஜினுக்கு இப்படி ஒரு வாக்குறுதியை நான் அதுவரை கேட்டதில்லை.

அந்தக் கம்பெனியின் கதையைத் தேடிப் படித்தேன். ஆல்வின் ரக்ஸர் என்பவர் இந்தியானாவின் ஜாஸ்பர் ஊரில் தொடங்கியது. ஆண்டு 1942. அந்தப் பிப்ரவரியில்தான் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே போருக்காக நின்றது. புதுசு வாங்க வழியில்லை, இருப்பதை ஓட வைத்தாக வேண்டும். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் 1947-இலும், பிரான்சில் ரெனோ தன் ஷ்வாசி-லெ-ருவா ஆலையில் 1949-இலும் இதே வேலையைத் தொடங்கின. அங்கெல்லாம் போர் முடிந்த பஞ்சம். ஜாஸ்பர் 2010 முதல் முழுக்க அதன் ஊழியர்களுக்கே சொந்தம்.

அங்கே ரிப்பேர் என்ற பேச்சில்லை. வந்த இன்ஜினை அக்கக்காகப் பிரித்து, கழுவி, விரிசல் பார்த்து, போர் போட்டு (சிலிண்டர் துளையைக் கடைந்து), கிராங்க் தண்டைக் கிரைண்ட் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். எந்த மாடல் எந்த இடத்தில் பழுதாகும் என்று குறித்து வைத்து, அந்தக் குறையையும் சேர்த்துச் சரிசெய்கிறார்கள்.

நம் பக்கம் இன்ஜின் வேலை பார்த்தவர்கள், பார்க்க வைத்தவர்கள் எழுதுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:

1942 என்றதும் எங்கள் ஐயா ஞாபகம்தான் வந்தது. ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனதும் அந்த ஆண்டுதான். அங்கே கடைப் பெட்டிக்கணக்கை அப்படியே விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். வந்து பார்த்தால் கார் செட்டில் வண்டி நிற்கிறது, ஊற்றப் பெட்ரோல் இல்லை. மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் அப்போது 'டிவிஎஸ் காஸ் பிளாண்ட்' செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓடும். மேட்டில் இழுவை குறையும், கரித்தூளும் தாரும் உள்ளே போய் ரிங்கைத் தின்றுவிடும் என்பார் ஐயா. டிரைவர் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி கரி சுரண்டுவது முகப்பில் நடக்கும் வழக்கமான வேலை.

செக்காலை லேத்:

தம்பி, ஆச்சி, ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் காரைக்குடிப் பட்டறையில போரிங் மிஷின்ல நின்னவன். அம்பாசடர்தான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், இங்கிலாந்து பி.எம்.சி. கம்பெனி டிசைன். போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9. எல்லாம் இன்ச் கணக்கு, அதனால எங்க பேச்சு தவுலதான். இன்ச்சுல ஆயிரத்துல ஒண்ணு ஒரு தவு. தேஞ்ச போரை 20 தவு, அப்புறம் 30, 40 தவுன்னு பெரிசாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவோம். அதுக்கு மேல போனா ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கி மறுபடி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டாந்துடுவோம். புது கார் புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா உக்காந்திருந்த காலம். பிளாக்கைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்?

போர் வட்டமாத் தேயாது. பிஸ்டன் தள்ளுற பக்கம் அதிகமாத் தேயும், மேல ரிங் நிக்கிற இடத்துல இன்னும் அதிகம். டயல் கேஜை மேல, நடுவுல, கீழ, குறுக்கும் நெடுக்கும் விட்டுப் பாக்கணும். எங்க மேஸ்திரி, பிஸ்டன் செட் கைக்கு வராம மிஷினை ஓட விட மாட்டார். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டர்ல அளந்து, அந்தந்த சிலிண்டருக்குக் கேப் (இடைவெளி) கணக்குப் போட்டு, கடைசி அளவைக் கல்லால தேய்க்கிற ஹோனிங்குக்கு விடுவார். சிலிண்டர்ல குறுக்குக் கோடு விழணும். கண்ணாடி மாதிரி பளபளத்தா ஆயில் நிக்காது, ரிங் உக்காராது.

கிராங்குக்கு மூணு மெயின் பேரிங்தான். பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்புற மரைதான். அங்க கேப் கூடுச்சுன்னா கிளட்ச் வரைக்கும் ஆயில் வந்துடும். வண்டிக்காரர் கேஸ்கட்டை மாத்துன்னு நிப்பார். மேஸ்திரி கிராங்கை அசைச்சுப் பாத்து, மெயின் பேரிங்கை வாங்கிட்டு வரச் சொல்லுவார்.

எந்த மாடல் எங்க போகும்னு ஜாஸ்பர்ல குறிச்சு வைக்கிறாங்கன்னு எழுதினீங்க. இங்க அது அத்தனையும் அந்த மனுஷர் தலைக்குள்ள இருந்துச்சு. அவர் போயிட்டார். பிளாக்குல சாக்பீஸால எழுதின அளவு, கழுவுன அன்னைக்கே போயிடும். நாங்க ஒருத்தரும் எழுதி வைக்கல. எனக்கு ஆறாத வருத்தம் அது.

பள்ளத்தூர் டீசல்:

எல்லாப் பட்டறையும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் ஓர் இடத்தில் ஃபுல் இன்ஜின் வேலை என்று பில் போட்டு வாங்கினேன். சில மாதத்திலேயே மறுபடி புகை. காரைக்குடியில் பிரித்தபோது ரிங் மட்டும்தான் புதிது, போரைத் தொடவே இல்லை. அதிலிருந்து பழைய பிஸ்டன், பழைய பேரிங் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, போர் அளவையும் கிராங்க் அளவையும் பில்லிலேயே எழுத வைக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

கோட்டையூர்க்காரன்:

அண்ணே, மேஸ்திரி சொன்னதில் உங்களுக்கு நினைவிருப்பதை எல்லாம் இங்கேயே எழுதுங்கள். 2014-இல் அம்பாசடர் நின்றுவிட்டது, ஆனால் நம் ஊர் கார் செட்டுகளில் இன்னும் வண்டி நிற்கிறது. ஓட்ட நினைப்பவர்களுக்கு உதவும்.

செக்காலை லேத்:

சரி தம்பி, ஹெட்டுலேருந்து ஆரம்பிக்கிறேன். நட்டை நடுவுலேருந்து வெளியே பாத்து, ஒரே மூச்சுல இறுக்காம மூணு தடவையா, இறுக்கத்தை அளக்குற டார்க் ரெஞ்சுல இறுக்கணும். இன்ஜின் சூடாகி ஆறின பிறகு மறுபடி ஒரு தடவை. அதுக்கப்புறம் வால்வ் கேப் பாக்கணும். முன்னாடியே பாத்து வச்சா அளவு மாறிப்போகும். புது ரிங் போட்ட வண்டியை நிறுத்தி வச்சே உறும விடாதீங்க. குன்றக்குடி வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வாங்க, பாரம் ஏத்தாம. முதல் ஆயிலைச் சீக்கிரம் வடிச்சு மாத்துங்க. கிராங்க் அளவு நாளைக்கு எழுதுறேன்.