புறாத்தீவை ஆண்டுக்கு இரண்டு மாதம் மூடலாமா?

காசிமேட்டான்:
திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் இருக்கும் புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஆழமற்ற நீரில் பவளத்தின் மீது பயணிகள் ஏறி நிற்பது ஓயவில்லை. தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதற்குள் கருமுனைச் சுறாக்கள் திரும்பிவிட்டன. சென்னையில் நம் காசிமேட்டுத் துறைமுகத்தில் மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடப்பதைப் போல, அங்கும் இரண்டு மாதம் மூடினால் என்ன?

திருவொற்றியூர் வாசி:
அண்ணன் சொல்லும் ஒப்புமை இடறுகிறது. தடைக்காலத்தில் நம்மவர்களுக்குப் போதாவிட்டாலும் ஒரு நிவாரணத் தொகை வருகிறது. நிலாவெளிப் படகோட்டிக்கோ வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடலே கதவை அடைத்துவிடும். மே முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தில்தான் அவர் ஆண்டு முழுமைக்கும் சம்பாதித்தாக வேண்டும். மழை மாதங்களில் இயல்பாகவே ஓய்வு கிடைத்தும் பவளம் தேறவில்லையென்றால், மேலும் இரண்டு மாதம் என்ன செய்துவிடும்? பாறைபோல் திரளும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். மாயா விரிகுடாவைத் திறந்தபோது படகுகளை உள்ளே விடாமல் தீவின் பின்புறத்தில் ஆட்களை இறக்கினார்கள், நீந்துவதையும் கட்டுப்படுத்தினார்கள். என் கணிப்பில், மூடியதைவிட இதுவே முக்கியம்.

எண்ணூர்க்காரர்:
நம் எண்ணூர்க் கழிமுகத்தில் எந்தச் சுற்றுலாப் பயணியும் கால் வைக்கவில்லை; அனல்மின் நிலையச் சாம்பலும் 2023 டிசம்பரில் பரவிய எண்ணெயும் அதைப் பாழாக்கின. ஆட்கள் வந்துபோவதால்தான் புறாத்தீவின் மீது பலர் கண் இருக்கிறது. (இதற்காக இருவருமே என்மீது பாய்வீர்கள் என்பது தெரியும்.)

காசிமேட்டான்:
பாயவில்லை ஐயா. ஆனால், தம்பியிடம் ஒரு கேள்வி: சீட்டு கொடுக்குமிடத்தில் தலைகளை எண்ணலாம், தண்ணீருக்குள் கால்களை யார் எண்ணுவது? மூடிய தீவைக் காக்க ஒரு ரோந்துப் படகு போதும். திறந்த தீவில் ஆளுக்கொரு காவலர் வேண்டியிருக்கும்.

திருவொற்றியூர் வாசி:
காவலரே வேண்டாம் அண்ணா. நீந்தும் இடத்தை மிதவைக் கயிற்றால் வரையறுத்துவிட்டு, பவளத்தில் ஏறி நிற்பவரை அழைத்துவந்த படகின் அனுமதியை ஒரு வாரம் நிறுத்தி வைக்கட்டும். பயணியின் காலைப் படகோட்டியே பார்த்துக்கொள்வார்.