99 வெள்ளத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது?

போடிமெட்டு:
1924 ஜூலை வெள்ளத்தை வைத்துச் சிறுவர்களுக்கு ஒரு நெடுங்கதை எழுதுகிறேன். மலையாள ஆண்டு 1099-இல் வந்ததால் நம் மலையில் அதற்குப் பெயரே 99 வெள்ளம். மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் ஓடிய குண்டளை ரயில் அதோடு அழிந்தது. கதைச் சிறுமி, திருநெல்வேலிப் பக்கமிருந்து, தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலையேறிய குடும்பத்துப் பிள்ளை. வெள்ளத்தில் அவள் தம்பி சாகிறான். சாவையும், கங்காணி கொடுத்த முன்பணக் கடனையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறையூர் டீச்சர்:
சாவை எடுத்துவிடுங்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடி 70 பேரைக் கொண்டுபோனது. மழை வலுத்தால் பாடத்தை விட்டு ஜன்னலைப் பார்க்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை எப்படி வாசிப்பேன்? ரயிலைச் சொல்லுங்கள். 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் வண்டியை இழுத்ததையும், 1908-இல் 2 அடி அகலப் பாதையில் நீராவி எஞ்சின் வந்ததையும், டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டி இறங்கியதையும் வாய் பிளந்து கேட்பார்கள்.

போடிமெட்டு:
அந்தப் பெட்டிக்குள் இருந்த கொழுந்தைப் பறித்தது யார் என்றும் கேட்பார்களே, டீச்சர்?

சூரியநெல்லி:
சாவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். என் சண்டை வேறு. வெள்ளத்தை வில்லனாக்கினால் கங்காணி தப்பித்துவிடுவான். வெள்ளம் ஒருமுறை வந்தது. முன்பணக் கணக்கு தினமும் வந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையைக் கைவிட்டவரைச் சிறைக்கு அனுப்பப் பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்துச் சிறுமியை "எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள்" என்று புகழ்ந்து முடித்தால், அந்தப் புகழ் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குத்தான் வசதி. அண்ணாச்சி, அந்தக் குடும்பம் இரவோடு இரவாகப் போடிக்கு இறங்கி ஓடட்டும். அதுதான் துணிச்சல்.

மறையூர் டீச்சர்:
ஓடியவர்கள்தான் துணிந்தவர்கள் என்றால், இன்றும் லயத்தில் குடியிருக்கும் பிள்ளை தன் பாட்டியைப் பற்றி என்ன நினைக்கும்? இருந்தவர்களின் வழிவந்த பெண்கள்தான் 2015-இல் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று மூணாறு சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸைப் பெற்றார்கள். எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் பக்கத்தில் சேர்க்காமல் அதைச் செய்தார்கள்! கடனைப் பற்றி எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. மண் சரிவதையும் உடலைத் தேடுவதையும் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள் என்கிறேன்.

போடிமெட்டு:
டீச்சர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். தம்பி சாகும் காட்சி வேண்டாம். மழை ஓய்ந்த பிறகு கதை தொடங்கட்டும். ஆனால் அவன் இல்லை என்பது இருக்கும். கங்காணி கணக்கு வாசிக்கும்போது, செத்துப்போன தம்பிக்கு வாங்கிய கம்பளியின் விலையும் பற்றில் நிற்கிறது. "அதைக் கணக்கிலிருந்து அடியுங்கள்" என்று சிறுமி எல்லோர் முன்னும் கேட்கிறாள். ஊரைவிட்டு ஓடுவதை எழுத மாட்டேன், சூரியநெல்லி.

சூரியநெல்லி:
அவள் கேட்டதும் கங்காணி மனம் மாறி அந்தக் கணக்கை அடித்துவிட்டான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் நான் படிக்க மாட்டேன்.

மறையூர் டீச்சர்:
அடிக்க வேண்டாம். அந்த அத்தியாயத்தை அனுப்புங்கள். ஜூன், ஜூலையில் வகுப்பில் எடுக்க மாட்டேன், பிப்ரவரியில் வாசிக்கிறேன்.