ஓரா முள் குத்திய கையில் ஆறாத கட்டிகள்

கேள்வி: முல்லைத்தீவில் கரைவலை இழுக்கும் என் சித்தப்பாவுக்கு, ஓரா மீனின் முள் குத்தி ஒரு மாதத்தின் பின் விரலில் எழுந்த ஊதா நிறக் கட்டி, இப்போது முழங்கை நோக்கி மணிகோத்தாற்போல் வரிசையாக ஏறுகிறது. சளியில் காசநோய் இல்லை என்கிறார்கள். இது என்னவாக இருக்கலாம்?

பதில் 1: காசநோய்க் கிருமிக்கு உறவான, நீரில் வாழும் மைக்கோபக்டீரியம் மரீனத்தைச் சந்தேகிக்க வேண்டும். அது குளிர்ச்சியான தோலையே நாடுவதால் சளியில் அகப்படாது. கட்டியிலிருந்து எடுக்கும் தசைத்துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்போது முள் குத்திய விபரத்தையும் எழுதுவியுங்கள். ஆய்வுகூடத்தில் கிருமியை 37 பாகை செல்சியசில் மட்டும் வளர்த்தால் தவறிவிடலாம், ஏறத்தாழ 30 பாகை தேவை.

பதில் 2: வழமையாகக் கிளரித்ரோமைசின் என்ற கிருமிகொல்லி மருந்துடன் எதம்பியூட்டோல் போன்ற இன்னொரு மருந்தையும் சேர்த்து, கட்டிகள் மறைந்த பின்னும் ஓரிரு மாதங்கள் கொடுப்பார்கள். ஆளுக்கு ஆள் தொற்றாது. அவருடைய கோப்பையைப் பிரித்து வைத்திருந்தால் இன்றே மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள்.