'ஹிட்டன் கரிக்குலம்': எழுதாப் பாடம் எனலாமா?

> 'மறைபாடம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. சின்னச் சொல், எளிதில் புரியும்.

அன்புடையீர்,

பாடத்திட்டத்தில் இல்லாமலே, சுற்றியிருப்பவர்களின் பேச்சிலிருந்தும் நடத்தையிலிருந்தும் மாணவர்கள் கற்றுக்கொள்வதை ஆங்கிலத்தில் 'ஹிட்டன் கரிக்குலம்' (hidden curriculum) என்கிறார்கள். நம் குழுவின் அகராதிக்கு இதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். மேலே ஒருவர் சொன்ன மறைபாடம் வேண்டாம். மறை என்றால் வேதம், திருநூல் என்ற பொருள்தான் தமிழில் முந்திக்கொண்டு வரும். கத்தோலிக்கத் தேவாலயங்களில் மறைக்கல்வி வகுப்பே நடக்கிறது. இன்னொருவர் சொன்ன உள்ளுறைப் பாடம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருளடக்கப் பக்கத்துக்கு 'உள்ளுறை' என்று தலைப்பிடும் வழக்கம் நம்மிடம் உண்டு.

அதைவிட முக்கியம், இந்தப் பாடம் மறைந்திருப்பதே இல்லை. எல்லார் காதிலும் விழும்படிதான் நடக்கிறது. பிரசவ வார்டில் ஆண் செவிலிய மாணவரை 'நீ வெளியே நில்' என்கிறார்கள். எலும்பு அறுவை சிகிச்சை படிக்க விரும்பும் மாணவியிடம், 'உனக்கு எதற்கம்மா சுத்தியலும் உளியும்? தோல் மருத்துவம் எடு, குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார் பேராசிரியர். ஸ்டெதாஸ்கோப்புடன் நிற்கும் பெண் பயிற்சி மருத்துவரை நோயாளி 'சிஸ்டர்' என்று அழைக்கிறார். பக்கத்தில் இருக்கும் மூத்தவர் திருத்துவதில்லை. இவை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படவில்லை. தேர்வுக்குப் படித்தது மறந்தாலும் இவை மறப்பதில்லை.

ஆகவே என் பரிந்துரை: எழுதாப் பாடம்.

எழுதிய பாடத்தை உத்தரவு போட்டு நீக்கிவிடலாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குச் செய்யப்பட்டுவந்த இருவிரல் சோதனை (உடலுறவுக்குப் பழகியவரா என்று பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பது) இனிப் பரிந்துரைக்கப்படாதபடி மருத்துவப் பாடத்திட்டங்களை மறுஆய்வு செய்யுமாறு 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏட்டிலிருந்து அது போகும். புகாரோடு வந்தவளை ஏற இறங்கப் பார்க்கும் பார்வையை மூத்தவரிடமிருந்து இளையவர் கற்றுக்கொள்கிறாரே, அதை எந்த ஏட்டிலிருந்து அடிப்பது? 'எழுதா' என்ற அடை இந்த வேறுபாட்டைத்தான் சுட்டுகிறது.

இந்தச் சொல்லமைப்பு நமக்குப் புதிதல்ல. குறுந்தொகை 156-ஆம் பாடலில் 'எழுதாக் கற்பு' வருகிறது. அங்கே கற்பு என்பது கல்வி. வேதத்தைக் குறித்த தொடர் அது என்றாலும், இன்று 'எழுதாப் பாடம்' என்று கேட்டு வேதத்தை நினைப்பவர் யாருமில்லை.

'எழுதாப் பாடத்திட்டம்' என்று நீட்டவும் வேண்டாம். யாரும் திட்டமிட்டு இதை நடத்துவதில்லை. அதனால்தான் யாரும் பொறுப்பேற்பதும் இல்லை.

வீட்டுப்பாடம் எழுதாமல் விட்டதாகச் சிலர் புரிந்துகொள்ளக்கூடும் என்ற ஒரு தயக்கம் எனக்கு இருக்கிறது. செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் கற்பிக்கும் உறுப்பினர்கள் வகுப்பில் இதைச் சொல்லிப் பார்த்து, மாணவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். அதன் பிறகு அகராதியில் சேர்க்கலாம்.